ஹெட்போன் ஆம்ப் வாங்கவா, கட்டவா? மும்பை நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. மாட்டுங்காவில் வீடு, கணக்கெழுதும் உத்தியோகம். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் ஹெட்போன் ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் பாட்டுச் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஒன்றைக் கட்டி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அன்றைக்கு ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுப் பையன், மாமா மகன், சயானிலிருந்து வரும் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் மாறுவதில்லை. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் இருபது தடவை தட்டி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

போன்லயே பாட்டு நல்லாத்தானே கேக்குது, நடுவுல இது எதுக்கு?

நல்லா கேட்டால் வேண்டாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனுக்குள்ளும் லேப்டாப்புக்குள்ளும், ஜாக் இல்லாத போனில் மாட்டுகிற டாங்கிளுக்குள்ளும் ஏற்கனவே ஒரு சின்ன ஆம்ப் இருக்கிறது. தனி ஆம்ப் வந்து செய்யப்போவது இரண்டே வேலை. ஹெட்போன் கேட்கும் வோல்ட்டையும் கரண்ட்டையும் திணறாமல் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது இரைச்சலோ உறுமலோ தன் பங்குக்குச் சேர்க்காமல் இருக்க வேண்டும்.

புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கான ஆம்ப் ஹெட்போனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத் தேவையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கடைக்காரர் எல்லாருக்கும் தேவைங்கறார்.

கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண் இருக்கும்: ஒன்று ஓம் (மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு), இன்னொன்று ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்ற சென்சிட்டிவிட்டி. பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வந்தால் யாருக்கும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சென்சிட்டிவிட்டியைக் கழியுங்கள். மிச்சம் 10 டெசிபல் என்றால் 10 மில்லிவாட், 20 என்றால் 100 மில்லிவாட். இடையில் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் மில்லிவாட் இரட்டிக்கும்.

பையர்டைனமிக் டிடி 990 ஹெட்போனின் 250 ஓம் மாடலை எடுங்கள். சென்சிட்டிவிட்டி 96. மிச்சம் 14 டெசிபல், அதாவது 25 மில்லிவாட். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும்: 0.025 பெருக்கல் 250, அதாவது 6.25, அதன் மூலம் 2.5 வோல்ட். சாதாரண டாங்கிள் கொடுப்பது சுமார் 1 வோல்ட். அந்த 1 வோல்ட்டில் இந்த ஹெட்போன் 102 டெசிபல் வரை போகும். சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். மெல்லிய ஒலியில் பதிவான பழைய கச்சேரியைக் கேட்கும்போது மட்டும் வால்யூமை முழுக்கத் திருகியும் போதவில்லையே என்று தோன்றும். அப்படித் தோன்றினால் ஆம்ப் வாங்கலாம்.

அதே கணக்கில் 32 ஓம், 100 டெசிபல் ஹெட்போனுக்கு 10 மில்லிவாட், 0.57 வோல்ட். டாங்கிளே போதும். என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வகைதான். கணக்கைக் காட்டியதும் முகம் வாடிவிடும். ஆம்ப் வேண்டாம் என்பதில் என்ன வருத்தமோ தெரியவில்லை.

அப்போ ஓம் அதிகமா இருந்தா ஆம்ப் வேணும், கம்மின்னா வேண்டாம். அவ்ளோதானே?

இல்லை. ஓம் சொல்வது வோல்ட் அதிகம் வேண்டுமா, கரண்ட் அதிகம் வேண்டுமா என்பதை மட்டும்தான். எவ்வளவு பவர் வேண்டும் என்பதைச் சென்சிட்டிவிட்டிதான் சொல்லும். ஹைஃபைமேன் எச்இ-6 என்று ஒரு பிளேனர் (தட்டைத் திரை வகை) ஹெட்போன் உண்டு. 50 ஓம்தான். ஆனால் சென்சிட்டிவிட்டி 83.5. மேலே போட்ட கணக்கை இதற்குப் போடுங்கள்: கிட்டத்தட்ட 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்ப். டாங்கிள் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் வரும் மிட்டாய் டப்பா ஆம்பும் அதன் முன் நிற்காது.

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் மில்லிவாட்டுக்குப் பதிலாக 1 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபல் என்று அச்சடிக்கும்; எண் பெரிதாகத் தெரியும். 32 ஓம் ஹெட்போனில் இரண்டுக்கும் 15 டெசிபல் வித்தியாசம். 115 என்று போட்டிருப்பது உண்மையில் 100 ஆக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள்.

வாங்கறது சீப்பா, நாமே செய்யறது சீப்பா?

வாங்குவது. இதில் சந்தேகமே வேண்டாம். என் கடைசி மிட்டாய் டப்பாவுக்குச் சாமான் மட்டும் 700 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. சால்டரிங் ஐயர்ன், மல்டிமீட்டர், கட்டர், தப்பாக வாங்கி வீணான பொருட்கள், ஞாயிற்றுக்கிழமைகள் இவற்றையும் சேர்த்தால் கணக்கே வேறு. அந்தக் காசுக்கு நல்ல டாங்கிள் கிடைக்கும்; அளந்து பார்த்தால் என் டப்பாவைவிட அது சுத்தமாகவே இருக்கும்.

பிறகு ஏன் கட்டுகிறேன்? அடுக்களையில் ரசம் வைப்பது மாதிரிதான். கடையில் பொடி கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தவா போகிறோம்? கட்டிப் பார்த்தவனுக்கு ஆம்பின் விவரப் பட்டியலைப் படிக்க வந்துவிடும், ஏமாற மாட்டான். கையில் கட்ட ஆசை இல்லை, பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் தயங்காமல் வாங்கிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தால் சுங்கவரியையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்து விலையைப் பாருங்கள்.

முதல் தடவை கட்டறவங்க எதுல ஆரம்பிக்கலாம்?

சீமோய். சூ மோய் என்பவர் வெளியிட்ட சர்க்யூட், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஒரு ஆப்-ஆம்ப் ஐசி (சிக்னலைப் பெருக்கும் சில்லு), பத்துப் பதினைந்து சாமான், ஒரு 9 வோல்ட் பேட்டரி. எல்லாம் பெப்பர்மிண்ட் டப்பாவுக்குள் அடங்கும். வீட்டு மின்சாரம் பக்கமே போகாததால் கை தவறினாலும் உயிருக்கு ஆபத்தில்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன், ஒலி பிரமாதம் என்பதால் இல்லை.

அடுத்த படி ஓ2, முழுப் பெயர் அப்ஜெக்டிவ் 2. முகம் காட்டாமல் புனைபெயரில் எழுதிய ஒருவர் 2011-இல் அளவீடுகளோடு வெளியிட்ட வடிவமைப்பு. மறு வருடமே ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆம்ப் மட்டும் உலகம் முழுக்க இன்னும் கட்டப்படுகிறது. அதில் ஒரு சிக்கல்: பேட்டரி இல்லாமல் ஓட்ட ஏசி வெளியீடு தரும் அடாப்டர் வேண்டும், 12-இலிருந்து 20 வோல்ட்டுக்குள். நம் கடைகளில் தொங்குவதெல்லாம் டிசி அடாப்டர். முள் பொருந்துகிறதே என்று டிசியை மாட்டினால் பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளையில் ஒன்றுதான் உயிர் பெறும்.

லாமிங்டன் ரோட்ல என்ன சொல்லி வாங்கணும்? போனா திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்ச மாதிரி இருக்கு.

லாமிங்டன் ரோடு மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் பிடித்தால் நேரே கிராண்ட் ரோடு. கிழக்கே இறங்கிக் கொஞ்ச நேரம் நடக்க வேண்டும். பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும், வாயில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், ஷட்டரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். சனிக்கிழமை போனால் கூட்டத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். வார நாளில் காலை கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் போங்கள்.

சீட்டு எழுதிக் கொண்டு போங்கள். சீமோய்க்கு: ஓபிஏ2134 ஐசி ஒன்று, அதற்கு 8 கால் சாக்கெட், கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் (கே என்றால் ஆயிரம் ஓம்) 100கே இரண்டு, 10கே மூன்று, 4.7கே நான்கு, 0.1 மைக்ரோஃபாரட் பாக்ஸ் கண்டன்சர் இரண்டு, 220 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டன்சர் இரண்டு, எல்இடி, ஸ்விட்ச், 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக் இரண்டு, பேட்டரி கிளிப், கொஞ்சம் ஜீரோ பிசிபி (வரிசையாக ஓட்டை போட்ட வெற்று போர்டு). ரெசிஸ்டரைச் சில்லறையாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பாக்கெட்டாக வாங்கினாலும் பெரிய காசில்லை. மூல வரைபடத்தில் இருக்கும் 1கே-க்குப் பதிலாக நான் 4.7கே சொல்லியிருக்கிறேன். 1கே போட்டால் ஒலி 11 மடங்கு பெருகும். இன்றைய போனுக்கும் டாங்கிளுக்கும் அது ரொம்ப அதிகம், வால்யூமைக் கால் சுற்று திருப்பியதும் காது கிழியும். 4.7கே-யில் சுமார் 3 மடங்கு. போதும்.

வால்யூம் கன்ட்ரோலில் A10K என்று அச்சிட்டதைக் கேளுங்கள், இரட்டை அடுக்கு. B10K எல்லாக் கடையிலும் கொட்டிக் கிடக்கும். அது நேர்கோட்டு வகை, சத்தம் முதல் கொஞ்ச தூரத்திலேயே ஏறிவிட்டு அப்புறம் சும்மா சுற்றும். ஐசியைக் கேட்டால் "சைனா சாஹியே யா ஒரிஜினல்?" என்பார். சீனச் சரக்கா, அசலா என்ற அந்தக் கேள்விக்கே நான் அவரை மதிப்பேன். ஆனால் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் மேலே எழுத்தைச் சுரண்டி மாற்றியதாக இருக்கலாம். ஐசியை மட்டும் எலிமென்ட்14, மௌசர் மாதிரி இடங்களில் வாங்குவது நிம்மதி.

சால்டரிங் எனக்கு வரவே மாட்டேங்குது, உருண்டை உருண்டையா நிக்குது.

ஈயத்தை ஐயர்ன் முனையில் உருக்கி எடுத்துக்கொண்டு போய் ஒட்டுகிறீர்கள். பசை தடவுகிற பழக்கம் அது. முனையை முதலில் காலும் செம்பும் சேரும் இடத்தில் வையுங்கள், மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள், அப்புறம் ஈயத்தை முனைக்கு எதிர்ப்பக்கம் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் ஈயம் தானாக ஓடிக் காலைச் சுற்றிக் கோயில் கோபுரம் மாதிரி சரிந்து நிற்கும். உருண்டையாக நின்றால் உள்ளே ஒட்டவில்லை என்று அர்த்தம். 25 வாட் ஐயர்ன், 60/40 ஈயம், இவை போதும். சாக்கெட்டைத்தான் சால்டர் செய்ய வேண்டும், ஐசியைக் கடைசியில் அழுத்திக்கொள்ளலாம்.

பேட்டரி மாத்தி மாத்திக் கட்டுப்படியாகல. லேப்டாப் யூஎஸ்பியிலயே இதை ஓட்டிட்டா என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அதை ஏற்கனவே செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்டார். சீமோயில் இருக்கும் கிரவுண்ட் (பூஜ்ய வோல்ட் புள்ளி) உண்மையான கிரவுண்ட் இல்லை. பேட்டரியின் 9 வோல்ட்டை இரண்டு 4.7கே ரெசிஸ்டர் நடுவில் பிரித்து, அந்த நடுப்புள்ளியைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறோம். பேட்டரியின் மைனஸ் அதற்குக் கீழே 4.5 வோல்ட்டில் இருக்கிறது. இப்போது லேப்டாப்பிலிருந்தே பவரும், லேப்டாப்பிலிருந்தே பாட்டும் எடுத்தால் என்ன ஆகும்? யூஎஸ்பி மைனஸும் ஆடியோ ஒயரின் கிரவுண்டும் லேப்டாப்புக்குள் ஒன்றுதான். ஆக நடுப்புள்ளியும் மைனஸும் ஒட்டிக்கொண்டு பாதி சப்ளை காணாமல் போய்விடும். பாட்டு கரகரவென்று கிழிந்து வரும்.

அடாப்டர் போட்டாலும் இதே கண்ணி வேறு ரூபத்தில் வரும். தகர டப்பாவில் ஆடியோ ஜாக்கின் உலோகக் கழுத்து டப்பாவைத் தொடுகிறது. பவர் சாக்கெட்டும் உலோகமாக இருந்தால் அதுவும் தொடுகிறது. டப்பாவே ஒயராக மாறிவிடும். பிளாஸ்டிக் சாக்கெட் போடுங்கள். பேட்டரிச் செலவு உறுத்தினால் 9 வோல்ட் வடிவிலேயே ரீசார்ஜ் வகை கிடைக்கிறது. 6எஃப்22 என்று போட்ட மலிவு ரகம் சீக்கிரம் இறங்கும். நல்ல ஆல்கலைனில் எனக்கு 30 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது.

வீட்டு கரன்ட்லயே ஓடற மாதிரி பெருசா பண்ணலாமா?

இரண்டு ஆம்ப் கட்டிக் கை பழகிய பிறகு. 12-0-12 டிரான்ஸ்பார்மர், டயோட் பிரிட்ஜ், 7812, 7912 ரெகுலேட்டர்கள் (பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட்டை நிலையாகத் தருபவை) என்று எல்லாமே எளிதில் கிடைக்கும். டிரான்ஸ்பார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் ஃப்யூஸ், மூன்று பின் பிளக், உலோகப் பெட்டிக்கு எர்த். இந்த மூன்றில் ஒன்றைக்கூட அப்புறம் பார்த்துக்கலாம் என்று விடக் கூடாது.

கண்டன்சர் 25 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, 35 என்றால் நிம்மதி. டிரான்ஸ்பார்மரில் 12 என்று எழுதியிருந்தாலும் டயோடைத் தாண்டி நிற்பது அதன் உச்சம். லோடு இல்லாதபோது 17 வோல்ட்டுக்கு மேலேயே போகும். 16 வோல்ட் கண்டன்சர் போட்டு, அது பட்டாசு மாதிரி வெடித்து வீடு முழுக்க நாறியதை என் மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். இன்னொன்று: 7812-இன் கால்கள் வரிசையாக உள்ளே, கிரவுண்ட், வெளியே. 7912-க்கு அந்த வரிசை இல்லை. கிரவுண்ட், உள்ளே, வெளியே. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் ஒரே அலுமினியத் துண்டில் இன்சுலேஷன் இல்லாமல் முடுக்கினாலும் கதை முடிந்தது, 7912-இன் முதுகு கிரவுண்ட் இல்லை.

கடையில "ஹெட்போன் ஆம்ப் போர்டு"ன்னு கேட்டேன், சின்னதா ஒண்ணு குடுத்தார். ஜாக் போட்டதும் சூடாகுது.

போர்டின் ஐசியில் பிஏஎம்8403 என்று இருக்கிறதா? அது ஸ்பீக்கர் ஆம்ப். ஹெட்போனில் இடது, வலது இரண்டுக்கும் திரும்பும் ஒயர் ஒன்றுதான், பொதுவானது. இந்த போர்டில் இடதுக்கு ஒரு ஜோடி, வலதுக்கு ஒரு ஜோடி. மைனஸ் என்று எழுதியிருக்கும் முனையும் சும்மா இருக்கும் முனை இல்லை, அதுவும் பாட்டை ஓட்டுகிறது. இரண்டு மைனஸையும் ஜாக்கில் சேர்த்துக் கட்டினால் ஆம்பின் இரண்டு கைகளை ஒன்றோடொன்று மல்லுக்கட்ட விட்ட மாதிரி. மைனஸை விட்டுவிட்டுப் பவர் கிரவுண்டில் கட்டினால் இன்னும் மோசம்: 5 வோல்ட் சப்ளையில் பாதி, 2.5 வோல்ட் டிசி, எப்போதும் ஹெட்போன் மேல் ஏறி நிற்கும்.

எல்எம்386 கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கெட்டுப்போகாது, ஆனால் அதன் குறைந்தபட்சப் பெருக்கமே 20 மடங்கு. ஹெட்போனில் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் பாட்டோடு கூடவே வரும்.

ஐசியை மாத்தினா சத்தம் மாறும்ங்கறாங்க. ஓபிஏ கிடைக்கலன்னு 5532 போட்டேன், ஆன் பண்ணா 'டப்'புங்குது.

கால்கள் பொருந்தும், அதனால் மாற்றலாம் என்று நினைத்துவிடுகிறோம். என்இ5532 நல்ல ஐசிதான். பல பெரிய ஒலிப்பதிவு மிக்சர்களில் உட்கார்ந்திருப்பது. ஆனால் அதன் நுழைவுக் கால் சும்மா இருக்காது, 200 நானோஆம்ப் அளவுக்குக் கரண்ட் எடுக்கும். சீமோயின் 100கே ரெசிஸ்டர் வழியாக அது பாயும்போது 20 மில்லிவோல்ட் டிசி உண்டாகிறது. 1கே போட்ட பழைய வரைபடத்தில் அது 11 மடங்காகி 220 மில்லிவோல்ட். அந்த டிசிதான் ஹெட்போனின் திரையை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. நீங்கள் கேட்ட 'டப்' அது. ஓபிஏ2134 எடுப்பது 5 பிகோஆம்ப், கணக்கிலேயே வராது. போதாததற்கு 5532-க்குக் குறைந்தது பிளஸ் மைனஸ் 5 வோல்ட் சப்ளை சொல்லியிருக்கிறார்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரியில் அது கிடையாது.

சரி, ஒழுங்காகப் பொருந்துகிற இரண்டு ஐசிகளுக்குள் காதுக்கு வித்தியாசம் தெரியுமா? எனக்குத் தெரிந்ததில்லை. தெரிகிறது என்பவர்கள் பின்னால் வரும் ஒப்பிடும் முறையில் ஒரு தடவை சோதித்துப் பார்க்கட்டும்.

கட்டி முடிச்சாச்சு. நேரா ஹெட்போன் மாட்டிடலாமா?

கூடாது, கூடாது. முதலில் மீட்டர். ஹெட்போன் இல்லாமல், பாட்டு இல்லாமல் ஆன் செய்து, மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்டில் வைத்து, வெளியீட்டு ஜாக்கில் இடதுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பாருங்கள், அப்புறம் வலது. 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 100 காட்டினால் அணைத்துவிட்டு ரெசிஸ்டர் நிறங்களைத் திரும்பப் படியுங்கள். இந்த வேலைக்கு 300 ரூபாய் மஞ்சள் மீட்டரே போதும்.

இரண்டாவது, பலி ஆடு. லோக்கல் ட்ரெயினில் 100 ரூபாய்க்கு விற்கிற இயர்போன் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் அதில் பாடட்டும். டிரான்சிஸ்டர் வைத்த, பிளஸ் மைனஸ் 12 வோல்ட் ஆம்பில் இதைத் தவிர்க்கவே கூடாது. அங்கே ஏதோ ஒன்று ஷார்ட் ஆகி முழு 12 வோல்ட்டும் 32 ஓம் ஹெட்போனில் விழுந்தால் 4.5 வாட். உள்ளே இருக்கும் சுருள் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பி, அவ்வளவுதான்.

ராத்திரி மெதுவா வச்சா ஒரு காதுல மட்டும் கேக்குது.

வால்யூம் கன்ட்ரோலின் இரண்டு அடுக்கும் அடிமட்டத்தில் சமமாக இருப்பதில்லை. மலிவானதில் இன்னும் மோசம். ஆல்ப்ஸ் கம்பெனியின் நல்ல கன்ட்ரோல் போட்டால் குறையும், முழுக்கப் போகாது. சுலபமான வழி பெருக்கத்தைக் குறைப்பது, லாமிங்டன் ரோடு சீட்டில் சொன்ன 4.7கே விஷயம். பெருக்கம் குறைந்தால் அதே சத்தத்துக்குக் குமிழை அதிகம் திருப்ப வேண்டும், அடிமட்டத்தைத் தாண்டிவிடுவீர்கள்.

லேப்டாப்ல மாட்டினா மட்டும் 'உம்ம்'னு ஒரு சத்தம்.

சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டதா? அப்படியானால் ஆம்ப் மேல் தப்பில்லை, சார்ஜர் வழியாகக் கசிவது. இரண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் விரலில் குறுகுறுக்குமே, அதுவும் இதே கசிவுதான். மூன்று பின் சார்ஜர், சரியான எர்த் உள்ள பாயிண்ட். பழைய கட்டிடங்களில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது ஆம்புக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே நல்லது.

பிடுங்கியும் நிற்காமல், குமிழைத் தொட்டால் குறைகிறது என்றால், வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பைச் சர்க்யூட் கிரவுண்டோடு ஒரு ஒயரால் சேருங்கள்.

ட்ரெயின்ல கொண்டு போகலாமா?

ட்ரெயினில் தாராளமாக. மெட்ரோவில் ஒரு தடவை பையை ஸ்கேன் செய்தவர் தகர டப்பா, பேட்டரி, ஒயர் என்று பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னார். பின்னால் வரிசை நீள, நான் பாட்டு போட்டுக் காட்டினேன். விமான நிலையத்துக்குக் கையால் கட்டியதை எடுத்துப் போக வேண்டாம்.

என் இயர்போன் போன்ல நல்லா இருக்கு, ஆம்ப்ல மாட்டினா பேஸ் ஒரு மாதிரி ஆகுது. ஆம்ப் பெருசுதானே?

பெரிது என்பது வேறு, பொருந்துவது வேறு. எல்லா ஆம்புக்கும் வெளியீட்டில் கொஞ்சம் எதிர்ப்பு உண்டு. சில சீமோய் வரைபடங்களில் வேண்டுமென்றே 47 ஓம் வைத்திருப்பார்கள். காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் ஓம் ஒரே அளவாக இருக்காது. ஒரு சுரத்தில் 8, இன்னொன்றில் 32 என்று அலையும். ஆம்பின் எதிர்ப்பு 10 ஓம் என்றால், 8 ஓம் இடத்தில் பாதிக்கு மேல் ஆம்பிலேயே தங்கிவிடும், 32 ஓம் இடத்தில் கால் பங்குதான். விளைவு, இரண்டு சுரங்களுக்கு நடுவே கிட்டத்தட்ட 5 டெசிபல் ஏற்றத்தாழ்வு. 1 ஓம் ஆம்பில் இதுவே ஒரு டெசிபலுக்குள் அடங்கும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஆம்பின் எதிர்ப்பு இருக்கக் கூடாது என்பது கைக்கணக்கு. ஓ2-வில் அது அரை ஓம் அளவுதான். அதனால் எந்த இயர்போனோடும் சண்டை போடாது.

ட்யூப் ஆம்ப் கதகதப்பா பாடுமாமே, முதல்லயே அதைக் கட்டட்டுமா?

வேண்டாம். உண்மையான ட்யூப் ஆம்புக்குள் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் தங்கியிருக்கும். அந்தக் கதகதப்பில் பாதிக்கு முந்தைய பதிலே விளக்கம். வெளியீட்டில் டிரான்ஸ்பார்மர் இல்லாத ட்யூப் ஆம்ப் பலவற்றில் வெளியீட்டு எதிர்ப்பு 100 ஓமையும் தாண்டும். சென்ஹைசர் எச்டி 650 மாதிரி 300 ஓம் ஹெட்போனின் ஓம் பேஸ் பகுதியில் 500 வரை ஏறுவதால் அங்கே ஒரு டெசிபல் அளவுக்கு ஒலி தடித்துத் தெரிகிறது. மிருதங்கத்தின் தொப்பிக்கு அது சுகமாகவே இருக்கும், மறுக்கவில்லை. குறைந்த வோல்ட்டில் ஓடும் சின்னச் சீன ட்யூப் போர்டுகளைப் பற்றி ஒரே வரி: ட்யூப் அழகுக்கு, வேலை பக்கத்து ஐசிக்கு.

நான் கட்டினது, கடையில வாங்கினதைவிடத் தெளிவா இருக்கு. சத்தியமா.

நம்புகிறேன், ஆனால் எது சத்தமாக இருக்கிறது? அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடினால் அது சத்தம் என்று காதுக்குத் தெரியாது, தெளிவு என்றுதான் தெரியும். கட்டியவனுக்குத் தன் பிள்ளை என்ற பாசம் வேறு. எனவே முதலில் இரண்டின் வோல்ட்டையும் சமமாக்குங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டியபடியே வெளியீட்டை ஏசியில் அளந்து, இரண்டாவது ஆம்பில் அதே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். மேலே சொன்ன மஞ்சள் மீட்டர் இங்கே கைவிட்டுவிடும்; அதில் ஏசியின் குறைந்த அளவே 200 வோல்ட், அரை வோல்ட்டை அது 00.5 என்று குத்துமதிப்பாகக் காட்டும். ஏசி 2 வோல்ட் அளவு உள்ள மீட்டரை யாரிடமாவது கடன் வாங்குங்கள்.

அப்புறம் எது எது என்று தெரியாதபடி வீட்டில் ஒருவரை மாற்றித் தரச் சொல்லி, பத்து தடவை ஊகியுங்கள். நான் இதைச் செய்தபோது என் மகள் மாற்றித் தந்தாள். பத்துக்கு ஐந்து. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். அதற்குப் பிறகும் என் டப்பாவில்தான் கேட்கிறேன்.

இப்போ பவர் நிறைய இருக்கு, எவ்ளோ சத்தமா வைக்கலாம்?

110 டெசிபல் என்று கணக்குப் போட்டது பாட்டின் ஒரு நொடி உச்சத்துக்கு, சராசரிக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல் சராசரியில் வாரத்துக்கு 40 மணி நேரம். லோக்கல் ட்ரெயின் இரைச்சலை வெல்ல வால்யூமை ஏற்றுகிறீர்கள் என்றால், ஆம்ப் காசில் வெளிச்சத்தம் புகாத இயர்போன் வாங்கியிருக்கலாம்.

ரெண்டு மழைக்காலம் நல்லா ஓடுச்சு, இப்போ குமிழைத் திருப்பினா கரகரங்குது. ஐசி போயிடுச்சா?

ஐசி போகவில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊரில் காற்றே ஈரத்துணி. வால்யூம் கன்ட்ரோலின் தடத்திலும் ஜாக்கின் உள் தகட்டிலும் படலம் பிடித்திருக்கும். ஆம்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, குமிழின் உடம்பில் இருக்கும் சின்னச் சந்து வழியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, கடைசிவரை இப்படியும் அப்படியும் முப்பது தடவை திருப்புங்கள். ஜாக்கில் ஒரு பிளக்கை அதே ஆல்கஹாலில் நனைத்துப் பத்துத் தடவை செருகி எடுங்கள். ஒரு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டு ஆன் செய்யலாம்.

திறந்த கையோடு டப்பாவின் மூலைகளையும் பாருங்கள். மிட்டாய் டப்பா தகரம், ஓட்டை போட்ட இடத்திலிருந்து துரு கிளம்பும், அந்தத் துருத்தூள் போர்டின் அடியில் விழுந்தால் வேறு வம்பு. அடியில் ஒரு துண்டு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் போடுங்கள். என் முதல் டப்பா மூன்றாவது மழைக்காலத்தில் மூடி கழன்று போயிற்று. உள்ளே இருந்த போர்டு இப்போது ஒரு ஸ்டீல் அஞ்சறைப் பெட்டிக் கிண்ணத்துக்குள் இருக்கிறது, இன்னும் பாடுகிறது.